பழைய பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? கட்டுவதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்

ஒரு பழைய பூங்காவைச் சீரமைக்கலாம் என்று முடிவானதும் நம் ஊர்களில் முதல் வேலை எஸ்டிமேட் போடுவதுதான். சுற்றுச்சுவர் இத்தனை மீட்டர், பேவர் பிளாக் இத்தனை சதுர மீட்டர், நீரூற்று ஒன்று, அலங்கார வளைவு ஒன்று, ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில் நிறுத்திய செல்ஃபி இடம் ஒன்று. திறப்பு விழா நடக்கும், சில மாதம் கூட்டம் வரும், நீரூற்றின் மோட்டார் நின்றுபோகும், வாரப்படாத குப்பை மூலைக்கு மூலை சேரும், இரண்டு மூன்று வருடத்தில் பூங்கா பழைய நிலைமைக்கே வந்து நிற்கும், இடையில் நாலைந்து பெரிய மரங்கள் மட்டும் காணாமல் போயிருக்கும்.

பணம் போதாமல் இப்படி ஆனதாக எனக்குத் தோன்றவில்லை. வேலையின் வரிசை தப்பு. பார்ப்பது, பதிவு செய்வது, வேண்டாததை எடுப்பது, பராமரிப்புக்கு ஆள் வைப்பது, இதெல்லாம் முன்னால் வர வேண்டும், கட்டுவது கடைசியில் வர வேண்டும். நன்றாக மீண்ட பூங்காக்களைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரிகிறது. மூன்று பூங்காக்களை வைத்து இதைச் சொல்கிறேன்: நியூயார்க்கின் பிரையன்ட் பார்க், அதே ஊரின் சென்ட்ரல் பார்க், டெல்லியின் சுந்தர் நர்சரி. குடியிருப்போர் சங்கத்தில் இருப்பவர், கவுன்சிலர், நகராட்சிப் பொறியாளர், கட்டடக்கலை மாணவர், யாராக இருந்தாலும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

முதலில் போய் உட்காருங்கள்

1970களில் பிரையன்ட் பார்க் போதைப்பொருள் விற்பவர்களின் கையில் இருந்தது. நகரத்தின் நட்டநடு, பொது நூலகத்தின் பின்புறம், சுற்றிலும் ஏராளமான பேர் வேலை பார்க்கும் அலுவலகங்கள், இருந்தும் மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு உள்ளே போக ஆட்கள் பயந்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் எல்லோருக்கும் சட்டென்று தோன்றுவது போலீஸைக் கூட்டு, வேலியை உயர்த்து, சீக்கிரம் பூட்டு என்பதுதான். பொது இடங்களில் மக்கள் எப்படி உட்காருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எந்தப் பக்கமாக நடக்கிறார்கள் என்று கேமராவும் நோட்டுமாக வருடக்கணக்கில் கவனித்து வந்த வில்லியம் வைட் அங்கே போய்ப் பார்த்துவிட்டு இதற்கு நேர்மாறாகச் சொன்னார். 1934இல் நகரப் பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸ் காலத்தில் செய்த வடிவமைப்பு அந்தப் பூங்காவைத் தெருமட்டத்துக்கு மேலே தூக்கி, சுற்றிலும் கல் கைப்பிடிச் சுவர், இரும்பு வேலி, அடர்ந்த புதர் என்று அடைத்துவிட்டிருந்தது. தெருவில் போகிறவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது, உள்ளே இருப்பவருக்கு ஏதாவது ஆனால் வெளியே ஓட வழி கிடையாது. மறைவான இடத்தில் மறைவாகச் செய்கிற வேலைதான் நடக்கும். ஆகவே வேலியை எடுங்கள், புதரை வெட்டுங்கள், படிகளை அகலமாக்குங்கள், கைப்பிடிச் சுவரில் புதிதாக வழி திறங்கள், சாய்தளம் வையுங்கள் என்றார். பூங்கா 1988இல் மூடப்பட்டு 1992இல் திறந்தபோது அவர் சொன்னதில் பெரும்பகுதி செய்யப்பட்டிருந்தது. அதே இடத்தில் இன்றைக்கு மத்தியானம் காலி நாற்காலி தேட வேண்டியிருக்கிறது.

உங்கள் பூங்காவுக்கு இதை எப்படிச் செய்வது? ஒரு வேலை நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, முடிந்தால் ஒரு மழை நாள். காலை ஆறு மணியிலிருந்து இருட்டும் வரை மணிக்கு ஒரு தடவை பூங்காவை ஒரு சுற்று சுற்றி, இருப்பவர்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆண், பெண், குழந்தை, வயதானவர், தனியாக வந்தவர், கூட்டமாக வந்தவர். எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், எங்கே யாருமே இல்லை என்று கையால் போட்ட ஒரு வரைபடத்தில் புள்ளி வையுங்கள். புல்லில் ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தால் அதையும் வரையுங்கள், ஏனென்றால் ஆட்கள் போக விரும்பும் வழி அதுதான், நீங்கள் போடும் நடைபாதை அதற்கு எதிராகப் போனால் நடைபாதைதான் தோற்கும்.

இந்தக் கணக்கில் எல்லாவற்றையும் விட முக்கியமான எண் பெண்களின் விகிதம். வைட்டின் கவனிப்புகளில் திரும்பத் திரும்ப வந்த விஷயம் இது: ஒரு பொது இடம் பாதுகாப்பாக, நன்றாக இருந்தால் பெண்கள் அதிகம் இருப்பார்கள், இல்லையென்றால் முதலில் விலகுவதும் அவர்கள்தான். சாயந்திரம் ஆறரைக்குப் பூங்காவில் இருபது பேர் இருந்து அதில் இரண்டே பேர் பெண்கள் என்றால், நீரூற்றைப் பற்றிய பேச்சை அன்றைக்கே நிறுத்திவிட்டு விளக்கு, மறைவிடங்கள், கழிப்பறை, வாசல் இந்த நாலையும் பார்க்க ஆரம்பியுங்கள்.

பூங்காவுக்குள் வராதவர்களையும் விட்டுவிட வேண்டாம். பக்கத்துத் தெருவில் டீக்கடை வாசலில் நிற்பவர், பள்ளி விட்டதும் நேராக வீட்டுக்குப் போகும் பிள்ளைகள், பஸ் நிறுத்தத்தில் வெயிலில் காத்திருப்பவர்கள், இவர்களிடம் ஏன் உள்ளே போவதில்லை என்று கேட்டால் எந்த ஆலோசகரும் தராத தகவல் கிடைக்கும். பல ஊர்களில் பதில் ரொம்ப எளிமையானது: காலை பத்து மணிக்குப் பூட்டிவிட்டுச் சாயந்திரம் நாலு மணிக்குத்தான் திறக்கிறார்கள். நிழல் அதிகம் தேவைப்படும் நேரத்தில் நிழல் உள்ள இடம் பூட்டிக் கிடக்கிறது. இதைச் சரிசெய்ய ஒரு செங்கல் கூட வேண்டாம்.

பூங்காவின் வயதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பழைய பூங்கா என்றால் எவ்வளவு பழசு, யார் போட்டது, எது மூலத்தில் இருந்தது, எது பிற்பாடு ஒட்டியது, இந்த விவரங்கள் இல்லாமல் மண்வெட்டியைத் தொடக்கூடாது. பாரம்பரியத் தோட்டங்களுக்கென்றே, நினைவுச்சின்னங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச அமைப்பான இகோமாஸ் 1982இல் ஃபிளாரன்ஸ் சாசனம் என்று ஒன்றை ஏற்றது, முழுமையான ஆய்வு செய்யாமல் மீட்பு வேலையில் இறங்கக்கூடாது என்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்று. தோட்டத்தை அது உயிருள்ள நினைவுச்சின்னம் என்று பார்க்கிறது. கோயில் மண்டபத்தை அப்படியே நிறுத்திவைப்பது போல மரத்தை நிறுத்திவைக்க முடியாது, அது வளரும், சாகும், திரும்ப நட வேண்டும்.

எங்கே தேடுவது? நகராட்சியின் பழைய தீர்மானப் புத்தகங்கள், நகர நில அளவைப் பதிவேடும் புல வரைபடமும், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், பழைய தபால் அட்டைகள், அந்தப் பகுதியில் தலைமுறையாக இருக்கும் குடும்பங்களின் போட்டோ ஆல்பங்கள். ஆல்பங்களை அலட்சியம் செய்யாதீர்கள். 1960இல் யாரோ ஒரு தம்பதி பேண்டு மேடை முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படத்தின் பின்னணியில்தான் அந்த மேடையின் கூரை எப்படி இருந்தது, பாதை மண்ணா கல்லா, ஓரத்தில் என்ன செடி என்பதெல்லாம் இருக்கும்.

நில ஆவணங்களைத் தேடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூங்கா நிலம் துண்டு துண்டாகப் போகும், ஒவ்வொரு துண்டும் ஒரு நல்ல காரியத்துக்காகவே போகும். சென்னையில் ஆளுநர் சார்லஸ் ட்ரெவல்யன் காலத்தில், 1859-60 வாக்கில் அமைந்த பீப்பிள்ஸ் பார்க் நூறு ஏக்கருக்கு மேல் பரந்த இடம். பிறகு அதில் விக்டோரியா பப்ளிக் ஹால் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, 1913இல் ரிப்பன் கட்டடம் வந்தது, விளையாட்டரங்கம் வந்தது, உள்ளே இருந்த மிருகக்காட்சிசாலை 1985இல் வண்டலூருக்குப் போனது. ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவைப்பட்டதுதான். ஆனால் இன்றைக்கு சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இங்கே ஒரு பெரிய பூங்கா இருந்தது என்று தெரியும்? ஆகவே உங்கள் பூங்காவின் எல்லையை முதலிலேயே அளந்து, கல் நட்டு, வரைபடத்தை நகராட்சித் தீர்மானத்தில் ஏற்றிவிடுங்கள். நூலகம், அங்கன்வாடி, மேல்நிலைத் தொட்டி, டிரான்ஸ்ஃபார்மர் என்று அடுத்த கோரிக்கை வரும்போது இந்தத் தாள்தான் பேசும்.

சரி, வரலாறு கிடைத்துவிட்டது, எந்தக் காலத்துக்குத் திருப்புவது? இங்கேதான் சண்டை வரும். ஒருவர் வெள்ளைக்காரன் போட்டபடியே வேண்டும் என்பார், இன்னொருவர் எல்லாவற்றையும் இடித்துப் புதுசாகச் செய் என்பார். சுந்தர் நர்சரியில் இதைக் கையாண்ட விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹுமாயூன் கல்லறைக்குப் பக்கத்தில் உள்ள அந்த 90 ஏக்கர் நிலத்தில் 16-ம் நூற்றாண்டு முகலாயக் கட்டடங்கள் இருக்கின்றன. பிறகு பிரிட்டிஷார் புது டெல்லியைக் கட்டியபோது நகரத்துக்கு வேண்டிய மரங்களைச் சோதித்து வளர்க்கும் நாற்றங்காலாக அது ஆனது. அதற்கும் பிறகு பல பத்தாண்டுகள் கவனிப்பில்லாமல் கட்டட இடிபாடுகளைக் கொட்டும் இடமாகவும் ஆகிவிட்டது. ஆகா கான் கலாசார அறக்கட்டளை அரசுத் துறைகளோடு 2007இல் ஒப்பந்தம் செய்து வேலையைத் தொடங்கியபோது, முகலாயத் தோட்டம்தான் அசல் என்று நாற்றங்காலை அழித்துவிடவில்லை. நாற்றங்கால் இன்றும் நாற்றங்காலாகவே ஓடுகிறது, பழைய கல்லறைகள் சீரமைந்து நிற்கின்றன, இவற்றைக் கோர்த்து நிலவடிவமைப்பாளர் முகமது ஷாஹீர் புதிதாக ஒரு மைய நடைபாதையும் நீரோடையும் அமைத்தார். முகலாயத் தோட்ட மரபிலிருந்து எடுத்த புது வடிவம் அது, பழசு என்று ஏமாற்றவில்லை. டெல்லி வட்டாரத்தின் மலைப்பாறை, ஆற்றோரம், வண்டல், சதுப்பு ஆகிய நிலவகைகளைக் காட்டும் பகுதிகளையும் சேர்த்தார்கள். 2018 பிப்ரவரியில்தான் மக்களுக்குத் திறந்தார்கள், ஷாஹீர் அதற்கு முன்பே, 2015இல் காலமாகிவிட்டார்.

அதிலிருந்து ஒரு வழிமுறை எடுக்கலாம். பூங்காவில் உள்ள ஒவ்வொரு பொருளையும் மூன்று பட்டியலில் போடுங்கள்: தொடவே கூடாதது, மாற்றலாம் ஆனால் தடம் மிஞ்ச வேண்டியது, தாராளமாக எடுக்கலாம் என்பது. மூன்றாவது பட்டியலில் பெரும்பாலும் கடந்த இருபது வருடத்தில் வந்த டைல்ஸ், சிமெண்ட் டைனோசர், துருப்பிடித்த தகரக் கொட்டகை எல்லாம் சேரும். முதல் வருடத்தில் இந்த மூன்றாவது பட்டியலை மட்டும் முடித்தாலே பூங்கா பாதி மீண்டுவிடும்.

மரங்கள்: இதில் அவசரப்பட்டால் திரும்பக் கிடைக்காது

சுவரை இடித்தால் திரும்பக் கட்டலாம். எண்பது வருடத் தூங்குமூஞ்சி மரம் செத்தால் உங்கள் ஆயுளில் அது வராது. ஆகவே வடிவமைப்பாளர் பேனாவை எடுப்பதற்கு முன்னால் மரக் கணக்கெடுப்பு முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு எண், பெயர், நெஞ்சு உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு, கிளைப் பரப்பு, பொந்து, காளான், பட்டை உரிவு, ஆணி அடித்த இடம். தாவரவியல் படித்தவர் ஒருவர் உடன் இருந்தால் பக்கத்துக் கல்லூரி மாணவர்களை வைத்தே செய்துவிடலாம்.

சீரமைப்பு என்ற பேரில் மரங்களைக் கொல்லும் விதங்கள் எல்லோருக்கும் பழகிப்போய்விட்டதால் யாரும் கவனிப்பதில்லை. அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்ட் மேடை கட்டி உள்ளே மண்ணைக் கொட்டுவது முதல் விதம்: உட்கார வசதியாக இருக்கும், ஆனால் மண்ணுக்குள் புதைந்த பட்டை அழுகும், மேலே ஏறிய மண்ணால் வேருக்குக் காற்று போகாது. அடுத்தது, பாதைக்காக வேரையும் சேர்த்து வெட்டித் தோண்டி ஓரக்கல் பதிப்பது. அப்புறம் தெருவிளக்குக்கு கேபிள் போட ஜேசிபியால் மரத்தை ஒட்டி வாய்க்கால் வெட்டுவது. மரம் உடனே சாகாது, மூன்று நாலு வருடம் கழித்து ஒரு புயலில் விழும், எல்லோரும் புயலைக் குறை சொல்வார்கள்.

மரத்தின் உணவு வேர்கள் ஆழத்தில் இல்லை, பெரும்பாலும் மேல் அரை மீட்டர் மண்ணிலேயே பரவியிருக்கும். பிரிட்டனில் கட்டுமான வேலைக்கு வைத்திருக்கும் விதி எளிமையானது: அடிமரத்தின் விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரத்துக்குள் தோண்டவோ மண் கொட்டவோ கூடாது. விட்டத்தை அளப்பது கஷ்டம், சுற்றளவுதானே டேப்பில் வரும், அதனால் சுற்றளவை நாலால் பெருக்கிக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே அளவுதான். இரண்டு மீட்டர் சுற்றளவுள்ள வேம்புக்கு எட்டு மீட்டர். அந்த வட்டத்தைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டிவிட்டுத்தான் காண்ட்ராக்டரை உள்ளே விட வேண்டும், அந்த நிபந்தனை டெண்டரிலேயே இருக்க வேண்டும். பின்னால் வாயால் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இறுகிப்போன மண்ணுக்கு மருந்தும் அந்த மரத்திடமே இருக்கிறது. விழுந்த இலையை எரிக்காமல் அந்த வட்டத்துக்குள்ளேயே ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி விடுங்கள், அடிமரத்தை மட்டும் கொஞ்சம் விட்டுவிட்டு. மண்புழு வரும், மண் இளகும், மழைத் தண்ணீர் இறங்கும். சுத்தமாகக் கூட்டிப் பெருக்கிய மண்தரைதான் அழகு என்று நினைக்கும் மேற்பார்வையாளரைச் சம்மதிக்கவைப்பது கொஞ்சம் கஷ்டம், ஆனாலும் விடக்கூடாது.

புது மரம் நடுவதில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். இப்போது நிற்கும் பெரிய மரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வயதாக இருந்தால் அவை ஒரே சமயத்தில்தான் போகும். அவற்றின் வாரிசுகளை இன்றைக்கே பக்கத்தில் நட ஆரம்பியுங்கள். புங்கம், மகிழம், நாவல், இலுப்பை, மருது என்று மண்ணுக்குப் பழகியதாகப் பாருங்கள்.

தண்ணீரும் தரையும்

பழைய பூங்காவைப் போட்டவர்கள் பெரும்பாலும் தண்ணீர் எங்கே ஓடும் என்று பார்த்துத்தான் போட்டிருப்பார்கள். ஒரு மூலையில் கிணறோ குட்டையோ தாழ்வான இடமோ இருக்கும், பிற்பாடு யாராவது அதை மூடியிருப்பார்கள். பழைய வரைபடத்தில் அதைக் கண்டுபிடித்தால் பொக்கிஷம். அதைத் திறந்துவிட்டாலே பூங்காவில் தேங்கும் தண்ணீர் போக இடம் கிடைத்துவிடும், கோடையில் செடிக்கும் உதவும்.

தரை முழுக்க பேவர் பிளாக் பதிப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சூடு ஏறும், தண்ணீர் இறங்காது, வேர் தூக்கினால் கல் பெயர்ந்து கால் தடுக்கும். நடைப்பயிற்சிக்காரர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் உறுதியான ஒரு சுற்றுப்பாதை வேண்டும், அதைச் சமமாக, வழுக்காமல் போடுங்கள். மற்ற பாதைகளுக்குச் செம்மண்ணும் கிராவலும் கலந்து கெட்டித்தால் போதும்.

பழைய கட்டுமானத்தில் சிமெண்ட் வேண்டாம்

பேண்டு மேடை, கல் பெஞ்சு, சுண்ணாம்பு பூசிய தூண், இரும்பு வாசல் என்று ஏதாவது மிஞ்சியிருந்தால் அதிர்ஷ்டம். சுண்ணாம்புக் கட்டுமானத்தில் சிமெண்ட் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் உதிர ஆரம்பிக்கும். விரிசலை அடைத்த மாதிரி தெரியும், உள்ளே கேடு நடந்துகொண்டிருக்கும். சுண்ணாம்புச் சாந்து, கடுக்காய், வெல்லம் என்று கலந்து பூசத் தெரிந்த கொத்தனார்கள் கோயில் திருப்பணி நடக்கும் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்காமல் வெள்ளையடித்தால் போதும்.

உள்ளே வருவதும் உட்காருவதும்

பிரையன்ட் பார்க்கின் பாடம் இந்த இடத்தில் முழுசாகப் பயன்படும். சுற்றுச்சுவர் கண்ணை மறைக்கிறதா என்று தெருவில் நின்று பாருங்கள். மறைத்தால் மேல்பகுதியை எடுத்துக் கம்பி வேலியாக்குங்கள், புதரை முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள், மரத்தின் தாழ்ந்த கிளைகளை ஆள் உயரத்துக்கு மேலே கவாத்து செய்யுங்கள். ஒரே வாசல் உள்ள பூங்காவுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு வாசல் வைத்தால் ஆட்கள் குறுக்கே நடந்து போவார்கள், அந்த நடமாட்டமே காவல்.

மாடு வரக்கூடாது என்று வைக்கும் சுழல் கதவும் குறுகலான இரும்புத் தடுப்பும் சக்கர நாற்காலியையும் குழந்தை வண்டியையும் சேர்த்தே தடுத்துவிடுகின்றன. வாசலில் ஒரு இடத்திலாவது 90 சென்டிமீட்டர் தடையில்லா அகலம் வேண்டும். சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், இதைவிடச் செங்குத்தாகப் போட்டால் அது கணக்குக்குத்தான், யாரும் தனியாக ஏற முடியாது. கட்டி முடித்ததும் சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரைக் கூப்பிட்டு ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள், அவர் சரி என்ற பிறகு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.

உட்காருவதற்கு வருவோம். பிரையன்ட் பார்க்கில் நடந்த மாற்றத்தில் ரொம்பச் சின்னதும் ரொம்பப் பெரியதும் நகர்த்தக்கூடிய நாற்காலி. வைட் இதற்காக விடாமல் வாதாடினார், திருட்டுப் போகும் என்றவர்கள் நிறைய. இன்றைக்கு அங்கே ஆயிரக்கணக்கில் பச்சை நாற்காலிகள் கிடக்கின்றன. நகர்த்த முடிந்தால் நிழல் போகும் பக்கம் நாமும் போகலாம், நாலு பேர் வட்டமாக உட்காரலாம், தனியாக இருக்க நினைத்தால் ஒதுங்கலாம். கான்கிரீட்டில் பதித்த பெஞ்சில் இது எதுவும் முடியாது. உங்கள் ஊரில் காணாமல் போகும் என்று பயமா? ஐம்பது நாற்காலி வாங்கி ஒரு மாதம் போட்டுப் பாருங்கள், சாயந்திரம் எண்ணி உள்ளே வையுங்கள். ஐந்து போனாலும் அது ஒரு அலங்கார வளைவின் செலவில் எந்த மூலைக்கு?

கழிப்பறை இல்லாத பூங்கா ஆண்களுக்கான பூங்கா. கட்டினால் மட்டும் போதாது, நாள் முழுக்க அங்கேயே இருந்து சுத்தம் செய்ய ஆள் வேண்டும். பிரையன்ட் பார்க் கழிப்பறையில் தினமும் புதுப் பூ வைக்கிறார்கள், சுற்றுலா வருகிறவர்கள் அதைப் பார்க்கவே போகிறார்கள். நமக்குப் பூ கூட வேண்டாம், தண்ணீரும் தாழ்ப்பாளும் விளக்கும் ஒழுங்காக இருந்தால் போதும்.

விளக்கைப் பற்றி: உயரத்தில் ஒரு ஹைமாஸ்ட் வைத்தால் கண் கூசும், மரத்தடி இன்னும் இருட்டாகத் தெரியும். பாதை ஓரத்தில் தாழ்வாக, மஞ்சள் வெளிச்சமாக, இடைவெளி குறைவாக வையுங்கள். மரத்தில் சீரியல் லைட் சுற்றாதீர்கள், அங்கே இரவு தங்கும் பறவைகளும் வௌவால்களும் இருக்கின்றன. தின்பண்டத்துக்கு வாசல் பக்கம் சுண்டல், டீ விற்க இரண்டு மூன்று பேருக்கு இடம் ஒதுக்குங்கள், ஏற்கெனவே வெளியே தள்ளுவண்டி போட்டிருப்பவர்களுக்கே கொடுங்கள். அவர்களைவிட அந்த இடத்தைத் தெரிந்தவர்கள் இல்லை.

புதுப் பொருள் வேண்டும் என்று கேட்டு வருபவர்களை என்ன செய்வது? உடற்பயிற்சிக் கருவி, குழந்தைகள் விளையாட்டு, யோகா மேடை எல்லாம் நியாயமான கோரிக்கைகள்தான். இடம் கொடுங்கள், ஆனால் ஓரத்தில், வேர் வட்டத்துக்கு வெளியே, நாளைக்குக் கழற்றி எடுத்தால் தடம் தெரியாத மாதிரி. நடுவிலுள்ள வெட்டவெளியை யாருக்கும் கொடுக்காதீர்கள், காலியாக இருப்பதால் வீண் என்று தோன்றும், எல்லா வயசுக்காரருக்கும் பயன்படும் ஒரே இடம் அதுதான்.

பராமரிப்பை முதலில் எழுதுங்கள்

1858இல் ஓம்ஸ்டெட்டும் கால்வர்ட் வாக்ஸும் வரைந்த சென்ட்ரல் பார்க், 843 ஏக்கர், 1970களில் பாழாகிக் கிடந்தது. வடிவமைப்பில் குறையா என்றால் இல்லை, அதே வடிவமைப்புதான் இன்றும் இருக்கிறது. ஷீப் மெடோ என்ற பெரிய புல்வெளி கச்சேரிக் கூட்டங்கள் மிதித்து மிதித்துப் புழுதிக்காடாகிவிட்டது. 1980இல் எலிசபெத் பார்லோ ராஜர்ஸ் முன்னின்று சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி என்ற லாபநோக்கற்ற அமைப்பு தொடங்கிற்று. அந்த ஆண்டே புல்வெளியைத் திரும்பப் பதித்தார்கள், அதோடு மழையில் நனைந்திருந்தால் பூட்டுவது என்ற விதியையும் போட்டார்கள். அந்த விதி இல்லையென்றால் புல் அடுத்த வருடமே போயிருக்கும். முழுப் பூங்காவுக்குமான திட்டம் 1985இல்தான் வந்தது, வேலை துண்டு துண்டாகப் பல பத்தாண்டுகள் நடந்தது, பூங்காவை மொத்தமாக மூடவில்லை. நீங்களும் மூடாதீர்கள். மூடிய பூங்காவை ஊர் மறந்துவிடும், அப்புறம் காண்ட்ராக்டரைக் கேள்வி கேட்கக்கூட ஆள் இருக்காது.

அங்கே 1990களில் கொண்டுவந்த ஏற்பாடு ஒன்றை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பூங்காவை 49 மண்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டக்காரரைப் பொறுப்பாக்கினார்கள். அந்த இடத்தில் குப்பை கிடந்தாலும் செடி வாடினாலும் பெஞ்சு உடைந்தாலும் யாரைக் கேட்பது என்று எல்லோருக்கும் தெரியும், போகிறவர்கள் பெயர் சொல்லிப் பேசுவார்கள். உங்கள் பூங்கா மூன்று ஏக்கர் என்றால் மூன்று பேர். வருடா வருடம் மாறும் ஒப்பந்தத்தில் முகம் தெரியாத ஆட்கள் வந்து போவதைவிட, அந்த மண்ணைத் தெரிந்த ஒருவர் பத்து வருடம் இருப்பது பல மடங்கு மேல். அவருக்கு ஒழுங்கான சம்பளம், கருவி வைக்க அறை, குடிதண்ணீர் எல்லாம் திட்டத்திலேயே வர வேண்டும்.

அதனால் எஸ்டிமேட் போடும்போது முதல் பக்கத்தில் பத்து வருடப் பராமரிப்புச் செலவை எழுதுங்கள்: சம்பளம், தண்ணீர், மின்சாரம், கவாத்து, பெயிண்ட், உடைந்ததை மாற்றுவது. மீதி இருக்கும் பணத்தில் என்ன கட்டலாம் என்று அடுத்த பக்கத்தில் பாருங்கள். பல பொருட்கள் தானாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும், பெரும்பாலும் முதலில் விழுவது நீரூற்று.

பணம் கொடுப்பவருக்கும் எல்லை வேண்டும்

அரசுப் பணம் போதாதபோது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைத் தேடுவோம், தப்பில்லை. பிரையன்ட் பார்க்கே 1980இல் தொடங்கிய ஒரு தனி அமைப்பின் நிர்வாகத்தில்தான் மீண்டது. ஆனால் அதே பூங்காவில் பல வருடம் ஃபேஷன் வாரக் கூடாரங்கள் புல்தரையை அடைத்துக்கொண்டு நின்றதும், பொது இடம் தனியார் கைக்குப் போகிறது என்று விமர்சனம் வந்ததும் நடந்தது. ஆகவே ஒப்பந்தத்தில் இதையெல்லாம் எழுதிவிடுங்கள்: வருடத்தில் அதிகபட்சம் எத்தனை நாள் நிகழ்ச்சிக்கு விடலாம், எந்தப் பகுதியை ஒருபோதும் அடைக்கக்கூடாது, பெயர்ப்பலகை எவ்வளவு பெரியது, வரவு செலவை எங்கே ஒட்டுவது. நுழைவுக் கட்டணம் பற்றி என் நிலை தெளிவு. சுந்தர் நர்சரி மாதிரி பெரிய பாரம்பரிய வளாகத்தில் டிக்கெட் இருப்பதற்குக் காரணம் சொல்லலாம். தெருமுனைப் பூங்காவில் ஐந்து ரூபாய் வைத்தாலும் அங்கே தினமும் வந்து உட்காரும் முதியவரையும் வேலை முடிந்து இளைப்பாறும் துப்புரவுப் பணியாளரையும் வெளியே தள்ளுகிறோம்.

திறந்த ஒரு வருடம் கழித்து, முதலில் எண்ணிய அதே நாட்களில், அதே நேரங்களில் திரும்ப எண்ணுங்கள். பெண்களின் விகிதம் ஏறியதா, மத்தியானத்தில் ஆள் இருக்கிறதா, முன்பு வந்துகொண்டிருந்தவர்கள் இப்போதும் வருகிறார்களா, எந்த மூலை இன்னும் காலி என்று பழைய வரைபடத்துக்குப் பக்கத்தில் புதியதை வைத்துப் பாருங்கள். மரப் பட்டியலையும் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் போய்ப் பாருங்கள், நுனியில் காய்ந்த கிளை இருக்கிறதா என்று. இரண்டு தாளையும் வாசல் பலகையில் ஒட்டிவிட்டு, அடுத்த வருடத்து வேலைக்கான கூட்டத்தைப் பூங்காவிலேயே, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு நடத்துங்கள்.